அப்ரைஸ், இன்டிமேட், இன்ஃபார்ம்: ஆபீஸ் ஆங்கிலத்தில் 'தெரிவிப்பது' எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக்குக் கடிதம், வாடிக்கையாளருக்கு மெயில், காப்பீட்டுக் கிளெய்ம் என்று எதை எழுத உட்கார்ந்தாலும் யாருக்கோ எதையோ தெரிவித்தாக வேண்டும். அந்த வினைச்சொல்லில்தான் பலருக்கும் கை நிற்கிறது. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எது சரி என்பதைக் காதே சொல்லிவிடும்.

'அப்ரைஸ்' என்றால் என்ன? 'இன்ஃபார்ம்' இருக்கும்போது அது எதற்கு?

ஒருவருக்கு ஒரு விஷயத்தை முறைப்படி அறியத் தருவதுதான் அப்ரைஸ். பிரெஞ்சில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் பொதுவாக உள்ள ஒரு வினையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பொருளில் இன்ஃபார்முக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆனால் இது கோட்டு சூட்டு போட்ட சொல். வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு நிலவரத்தைச் சொல்வதற்கும், செயலர் அமைச்சருக்கு எடுத்துச் சொல்வதற்கும் பொருந்தும். நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் போக்கை ஒருவர் அவ்வப்போது அறிந்திருக்கும்படி செய்வதற்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அதனால்தான் 'கீப் மீ அப்ரைஸ்ட்' என்ற தொடர் அதிகம் புழங்குகிறது.

'மீட்டிங் மூன்று மணிக்கு' என்று சொல்வதற்கு அப்ரைஸ் வேண்டியதில்லை. 'டெல்' போதும்.

சரி, வாக்கியத்தில் அதை எப்படிப் பொருத்துவது?

அப்ரைஸுக்கு அடுத்து ஆள், அதற்கடுத்து 'ஆஃப்', அதன்பின் விஷயம். இந்த வரிசைதான்.

'ஐ அப்ரைஸ்ட் தி மேனேஜர் ஆஃப் தி டிலே.' தாமதத்தைப் பற்றி மேலாளரிடம் தெரிவித்துவிட்டேன்.

'ப்ளீஸ் கீப் அஸ் அப்ரைஸ்ட் ஆஃப் எனி சேஞ்சஸ்.' ஏதாவது மாறினால் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

'ஷி வாஸ் நாட் அப்ரைஸ்ட் ஆஃப் ஹர் ரைட்ஸ்.' அவருக்குள்ள உரிமைகள் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

'அப்ரைஸ் டு தி மேனேஜர்' கிடையாது. 'அப்ரைஸ் தி டேட்' என்பதும் கிடையாது. தேதிக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். 'அப்ரைஸ்ட் அபவுட்' என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் நிலைபெற்ற வழக்கு 'ஆஃப்'தான். இந்தச் சொல்லைத் தேடிப்பிடித்து எழுதுகிறவர், கூடவே சரியான ஒட்டுச் சொல்லையும் போட்டுவிடுவது நல்லது.

'இன்ஃபார்ம் டு ஹிம்' ஏன் தவறு? எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எழுதுவார்கள். நாம் தமிழில் நினைப்பதுதான் காரணம். 'மேலாளருக்குத் தகவலைத் தெரிவித்தேன்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆளுக்கு நான்காம் வேற்றுமை 'கு', விஷயத்துக்கு இரண்டாம் வேற்றுமை 'ஐ'. அந்த 'கு'வை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது 'டு' ஆகிவிடுகிறது. 'இன்ஃபார்ம்ட் டு தி மேனேஜர்' பிறப்பது இப்படித்தான்.

ஆங்கில இன்ஃபார்முக்குச் செயப்படுபொருள் அந்த ஆள். நமக்கு இது புரியாத புதிர் ஒன்றுமில்லை. தமிழிலேயே 'எச்சரி' அப்படித்தான் வேலை செய்கிறது. 'மேலாளரை எச்சரித்தேன்' என்கிறோம், 'மேலாளருக்கு எச்சரித்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. இன்ஃபார்ம், அப்ரைஸ், நோட்டிஃபை, டெல், ரிமைண்ட் எல்லாம் எச்சரியின் கூட்டம். ஆளை நேராகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் 'டு' நுழைய இடமில்லை. ரிமைண்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் 'அவருக்கு நினைவூட்டினேன்' என்பதால் 'ரிமைண்டட் டு ஹிம்' என்று கை தானாகவே போய்விடும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: எக்ஸ்பிளெய்ன், ரிப்போர்ட், அனௌன்ஸ், மென்ஷன், கன்வே, கம்யூனிகேட், இன்டிமேட். இவை விஷயத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஆளைச் சேர்க்க 'டு' கட்டாயம் வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்ட் தி பிராப்ளம் டு தி மேனேஜர்' என்றால் சரி. வேடிக்கை என்னவென்றால், இன்ஃபார்முக்குத் தேவையில்லாமல் 'டு' போடுகிற அதே ஆள், தேவையான இந்த இடத்தில் 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று அதை விழுங்கிவிடுவார்.

ஆகவே எந்தச் சொல்லானாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு அடுத்து வரவேண்டியது ஆளா, சேதியா?

இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் நம் அரசியல் சட்டத்திலேயே. கைது, தடுப்புக் காவல் பற்றிப் பேசும் 22ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உட்பிரிவு, கைதான எவரையும் கைதுக்கான காரணத்தைச் சொல்லாமல் காவலில் வைக்கக் கூடாது என்கிறது. அங்கே உள்ள சொற்கள்: 'வித்தவுட் பீயிங் இன்ஃபார்ம்ட், ஆஸ் சூன் ஆஸ் மே பி, ஆஃப் தி கிரவுண்ட்ஸ் ஃபார் சச் அரெஸ்ட்'. இன்ஃபார்ம்ட், பிறகு ஆஃப். நடுவில் 'கூடிய விரைவில்' என்ற தொடர் வந்து உட்கார்ந்தும்கூட ஆஃப் தொலைந்துபோகவில்லை.

ஐந்தாவது உட்பிரிவு தடுப்புக் காவலுக்கானது. குண்டர் சட்டத்தில் ஒருவரை உள்ளே வைத்தால், உத்தரவுக்கான காரணங்களை அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று செய்திகளில் படிக்கிறோமே, அது இங்கிருந்து வருவதுதான். இங்கே சொல் மாறுகிறது: 'கம்யூனிகேட் டு சச் பர்சன் தி கிரவுண்ட்ஸ்'. கம்யூனிகேட் சேதியைப் பிடிக்கும் சொல். அதனால் ஆளுக்கு முன்னால் 'டு' வந்துவிட்டது, 'கிரவுண்ட்ஸ்'க்கு முன்னால் 'ஆஃப்' இல்லை. ஒரே பிரிவுக்குள் இரண்டு அமைப்பும் இவ்வளவு பளிச்சென்று கிடைப்பது அபூர்வம். இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்தால் பாதி இலக்கணப் புத்தகம் மிச்சம்.

ஆஃப், அபவுட், தட்: எதை எப்போது போடுவது?

இன்ஃபார்முக்கு மூன்றும் வரும். 'இன்ஃபார்ம்ட் ஹிம் ஆஃப் தி சேஞ்ச்', 'இன்ஃபார்ம்ட் ஹிம் அபவுட் தி சேஞ்ச்', 'இன்ஃபார்ம்ட் ஹிம் தட் தி டேட் ஹேட் சேஞ்ச்ட்'. பின்னால் முழு வாக்கியம் வந்தால் தட். பெயர்ச்சொல் வந்தால் மற்ற இரண்டில் ஒன்று. ஆஃப் கொஞ்சம் விறைப்பு, அபவுட் கொஞ்சம் இயல்பு, அவ்வளவுதான். அபவுட் சட்டத்துக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், மனுவை வேறு துறைக்கு மாற்றினால் 'இன்ஃபார்ம் தி அப்ளிகன்ட் இமீடியட்லி அபவுட் சச் டிரான்ஸ்ஃபர்' என்றுதான் இருக்கிறது. அப்ளிகன்டுக்கு முன்னால் 'டு' இல்லை என்பதையும் கவனியுங்கள்.

'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தட்...' என்று தொடங்கலாமா?

பள்ளிக்கூட லீவ் லெட்டரிலிருந்து நம்மோடு வளர்ந்த வாக்கியம். அதில் ஆள் காணாமல் போயிருக்கிறார். 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்' என்று 'யூ' போட்டால் இலக்கணம் சரியாகிவிடும். 'இட் இஸ் இன்ஃபார்ம்ட் தட்' என்று சில சுற்றறிக்கைகள் தொடங்கும். அதற்கும் இதே நோய்தான். ஊழியர்களுக்கான அறிவிப்பு என்றால் 'ஆல் ஸ்டாஃப் ஆர் இன்ஃபார்ம்ட் தட்' என்று ஆளை முன்னால் கொண்டுவரலாம்.

இலக்கணம் சரியானாலும், அந்த முன்னுரை தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். 'ஆபீஸ் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்' என்பதுதான் சேதி என்றால், அதை நேராகவே எழுதலாம். மெயில் அனுப்புவதே தெரிவிக்கத்தானே?

'ப்ளீஸ் இன்டிமேட் மீ' என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர் சிரிப்பார் என்கிறார்களே, உண்மையா?

சிரிக்காவிட்டாலும் நெளிவார். இன்டிமேட் என்ற எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பெயரடை: நெருக்கமான, அந்தரங்கமான என்று பொருள், உடலுறவைக் குறிப்பதற்கும் அது வரும். அதைச் சொல்லும்போது கடைசி அசையை அமுக்கி 'இன்டிமெட்' போல ஒலிப்பார்கள். மற்றது வினை: கடைசி அசை நன்றாக நீண்டு 'மேட்' என்று ஒலிக்கும். எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. வினைக்குப் பக்கத்தில் 'மீ' வந்து நின்றால், படிப்பவர் மனம் முதலில் எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பொருளிலும் சிக்கல் இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்காவின் இன்றைய பொது வழக்கில் இந்த வினைக்கு 'சூசகமாகச் சொல்வது' என்பதே முதற்பொருள். 'ஹி இன்டிமேட்டட் தட் ஹி மைட் ரிசைன்' என்றால், ராஜினாமா செய்யக்கூடும் என்று கோடி காட்டினார். நாமோ 'முறைப்படி எழுதித் தெரிவி' என்ற பொருளில் எழுதுகிறோம். நாம் நினைப்பதற்கு ஏறக்குறைய நேர்மாறாகப் போய்ச் சேர்கிறது.

அதற்காக நம் வழக்கை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. லத்தீன் மூலத்துக்குப் பொருளே 'அறியச் செய்' என்பதுதான். ஸ்காட்லாந்தில் இன்றும் சர்ச்சில் வாசிக்கும் அறிவிப்புகளுக்கு 'இன்டிமேஷன்ஸ்' என்று பெயர். அங்குள்ள சட்டத்திலும் முறையான அறிவிப்புக்கு அதே சொல்தான்.

அப்படியானால் இந்தியாவுக்குள் இன்டிமேட்டை வைத்துக்கொள்ளலாமா?

பெயர்ச்சொல்லாக, தாராளமாக. 'இன்டிமேஷன்' இங்கே நிர்வாகச் சொல்லாகவே வேரூன்றிவிட்டது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு 143(1) இன்டிமேஷன் என்றால் என்னவென்று தெரியும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும் பரிசீலனை முடிவு. மருத்துவமனையில் சேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது 'கிளெய்ம் இன்டிமேஷன்'. முன்சொன்ன தகவல் அறியும் சட்டத்திலேயே, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் மனுதாரருக்கு 'இன்டிமேஷன்' அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. இதையெல்லாம் மாற்ற நாம் யார்? காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தில் உள்ள சொல்லைத்தான் நாமும் எழுத வேண்டும், இல்லையென்றால் ஃபைல் தேடுகிறவருக்குப் புரியாது.

வினையாக எழுதியே தீர வேண்டுமென்றால், அது சேதியைப் பிடிக்கும் கூட்டம் என்பதை மறக்க வேண்டாம்: 'இன்டிமேட் தி டேட் டு தி பிராஞ்ச்'. 'இன்டிமேட் மீ', 'இன்டிமேட் தி கஸ்டமர்' இரண்டையும் நான் அடித்துவிடுவேன். லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகிற கடிதம் என்றால் இந்த வினையையே தொடாதீர்கள்.

அப்ரைஸும் அப்ரைசலும் ஒன்றா?

இல்லை. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் உச்சரிப்பு. ஐடி கம்பெனிகளில் வருடாந்திர மதிப்பீட்டை நாம் 'அப்ரைசல்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'அப்ரெய்சல்'. வினை அப்ரெய்ஸ், மதிப்பிடுவது என்று பொருள். வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவரை 'அப்ரைசர்' என்கிறோமே, அவரும் அந்தக் குடும்பம்தான். எழுத்துக்கூட்டலில் ஆர்-க்கும் ஐ-க்கும் நடுவே ஓர் 'ஏ' இருந்தால் மதிப்பீடு, இல்லாவிட்டால் தெரிவித்தல்.

'கைண்ட்லி அப்ரெய்ஸ் தி டைரக்டர் ஆஃப் தி சிச்சுவேஷன்' என்று ஓர் எழுத்து கூடிப்போனால், இயக்குநர் எவ்வளவு பெறுவார் என்று விலை பார்க்கச் சொன்னதாக ஆகிவிடும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் பல நேரம் இதைப் பிடிக்காது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால்.

உச்சரிப்பு: அப்ரைஸின் கடைசி ஒலி, ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகள் வாங்கும் ப்ரைஸில் உள்ளது, விலையைக் குறிக்கும் ப்ரைஸில் உள்ளது அல்ல.

'நோட்டிஃபை' எந்தக் கூட்டம்?

இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. பொதுவாக ஆளைப் பிடிக்கும்: 'நோட்டிஃபை தி பேங்க் ஆஃப் தி லாஸ்', ஏடிஎம் கார்டு தொலைந்ததை வங்கிக்குத் தெரிவி. அரசு வழக்கில் சேதியைப் பிடிக்கும்: 'தி ரூல்ஸ் வேர் நோட்டிஃபைட்' என்றால் விதிகள் அரசிதழில் வெளியாகிவிட்டன. சுகாதாரத் துறையிலும் அப்படித்தான். 2012இல் காசநோய் இந்தியாவில் 'நோட்டிஃபையபிள்' நோயானது. தனியார் மருத்துவரும் தம்மிடம் வரும் காசநோயாளி பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். அங்கே தெரிவிக்கப்படுவது நோய். அரசிதழ் அர்த்தம் அமெரிக்கர்களுக்குப் பழக்கமில்லை. அவர்களுக்கு எழுதும்போது 'பப்ளிஷ்ட்' என்று எழுதிவிடலாம்.

'ப்ளீஸ் அட்வைஸ்' என்று மெயில் முடிகிறது. நான் அறிவுரை சொல்ல வேண்டுமா?

வேண்டாம், பதில் சொன்னால் போதும். வணிக ஆங்கிலத்தில் அட்வைஸுக்குத் தெரிவித்தல் என்ற பொருளும் உண்டு. திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு 'அட்வைசிங் பேங்க்' தெரியும். வெளிநாட்டு இறக்குமதியாளர் எல்சி (சரக்குக்குப் பணம் தருவதாக அவருடைய வங்கி உறுதியளிக்கும் கடிதம்) திறந்துவிட்டார் என்று நம்மூர் ஏற்றுமதியாளருக்கு முறைப்படி தெரிவிக்கும் வங்கி அது. அறிவுரை ஒன்றும் சொல்லாது, பணத்துக்கும் பொறுப்பேற்காது. அமைப்பு இன்ஃபார்மைப் போலவே: 'அட்வைஸ் அஸ் ஆஃப் தி ஷிப்மென்ட் டேட்'. வினைக்கு எஸ், பெயர்ச்சொல்லுக்கு சி.

'இன்ஃபர்மேஷன்ஸ்' சரியா?

இல்லை. அதற்குப் பன்மை கிடையாது. 'சம் இன்ஃபர்மேஷன்' அல்லது 'டீட்டெய்ல்ஸ்'.

ஒரு மெயிலைத் திருத்திக் காட்ட முடியுமா?

கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பாளர் வாடிக்கையாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

'டியர் சார், திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தட் தி பம்ப்ஸ் ஆர் நாட் ரெடி. தி சேம் வாஸ் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட் டு யுவர் ஸ்டோர்ஸ். வி வில் இன்டிமேட் யூ தி டிஸ்பாட்ச் டேட். கைண்ட்லி அப்ரைஸ் யுவர் மேனேஜர்.'

முதல் வாக்கியத்தின் பாதி முன்னுரை, அதிலும் 'யூ' இல்லை. இரண்டாவதில் 'டு' தவறு. அதைவிடப் பெரிய குறை, யார் சொன்னது என்றே இல்லை. நாளைக்கு ஸ்டோர்ஸ்காரர் 'எனக்கு யாரும் சொல்லவில்லையே' என்றால், காட்ட ஒரு பெயர்கூட மெயிலில் கிடையாது. 'தி சேம்' எதைக் குறிக்கிறது என்பதும் மங்கல். மூன்றாவது, முன்பே பார்த்த இன்டிமேட். நான்காவதில் மேனேஜருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறது.

திருத்தியது: 'டியர் சார், தி பம்ப்ஸ் யூ ஆர்டர்ட் ஆர் நாட் ரெடி யெட். அவர் டிஸ்பாட்ச் கிளார்க் டோல்ட் யுவர் ஸ்டோர்ஸ் ஓவர் தி ஃபோன் ஆன் மண்டே. வி வில் லெட் யூ நோ தி டிஸ்பாட்ச் டேட் பை ஃப்ரைடே. ப்ளீஸ் அப்ரைஸ் யுவர் மேனேஜர் ஆஃப் தி டிலே.'

நான்கு வாக்கியத்தில் விறைப்பான சொல் ஒன்றே ஒன்று, அதுவும் மேனேஜர் வருகிற இடத்தில். அதற்குப் பதிலாக 'டெல் யுவர் மேனேஜர் அபவுட் தி டிலே' என்று எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வாடிக்கையாளரை வேலை ஏவுவதுபோல ஒலிக்கும் என்பதால் நான் அப்ரைஸை விட்டுவைத்தேன்.

இவ்வளவு யோசித்து எழுத வரவில்லை. அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

எந்தக் கட்டாயமும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு, ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி இவற்றில் எதிலும் மனு கொடுக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சிமொழி தமிழ். தாசில்தாருக்கு 'உரிய விவரங்களை எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.